பதினாறிலிருந்து ஒன்று வரை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உயிரோடு நடமாடும் ஆண்களுள், எந்தப் பொதுக் காரியத்துக்காகவும் எந்தத் தாளிலும் தன் பெயரைத் தானாக முன்வந்து எழுதாத ஒரே மனிதர் ரோலண்ட் திபடோ. இது அவரே சொன்னது. ஆகவே வேறு ஆதாரம் தேவையில்லை. மாதா கோயில் பீன்ஸ் விருந்துக்குப் பரிமாற ஆள் கேட்டுத் தாள் வந்தபோது பேனா எழுதவில்லை என்றார். தன்னார்வத் தீயணைப்புப் படையினர் வந்து கேட்டபோது, "நெருப்பு மூட்டுறது என் தொழில், அணைக்கிறது உங்க தொழில், நடுவுல குழப்பிக்க வேண்டாம்" என்றார். வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய் உலைகளைப் பழுதுபார்ப்பவர் அவர். ஜனவரியில் டன்ஸ்ஃபீல்ட் ஊரில் ஒரு வீடு கதகதப்பாக இருக்கிறதென்றால் அந்த வீட்டு நிலவறைக் கதவில் அவருடைய கைக்கரி ஒட்டியிருக்கும். ஊருக்குத் தன் பங்கு அதோடு தீர்ந்தது என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை மாலை, பூட்ஸில் பனி உருக, உயர்நிலைப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்த பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். காரணம் அவர் மகள் கொரின். பதினைந்து வயது. குளிர்கால உள்ளரங்கத் தடகள அணியில் சேர்ந்திருந்தாள். 'குடும்ப அறிமுக மாலை'க்கு வந்த அழைப்பிதழில் 'அன்பு' நான்கு இடத்திலும் 'கட்டாயம்' ஏழு இடத்திலும் இருந்தது. மனைவி டெனீஸுக்கு மருத்துவமனையில் மாலை ஷிப்ட். மிச்சமிருந்த குடும்பம் ரோலண்ட்தான்.

வாசலிலேயே சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். பெயர், உறவு, அதற்குக் கீழே 'உங்கள் ஏன்?' என்று ஒரு கட்டம்.

"இது என்ன ஏன்?" என்று கேட்டார் ரோலண்ட்.

"நீங்க ஏன் இங்க வந்திருக்கீங்கன்னு. யோசிக்காதீங்க, மனசுலேருந்து எழுதுங்க," என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.

ரோலண்ட் மனதிலிருந்து எழுதினார்: 'வண்டி என்னுடையது.' கட்டாயத்தின் பேரில் எழுதியதால் சாதனைக்குப் பங்கமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் சீட்டைப் பார்த்தார். பெயர் ஹோதன் வார்சமே. இஃப்ராவின் அம்மா. 'ஏன்' கட்டத்தில் 'அதைத்தான் நானும் கேட்கிறேன்' என்று இருந்தது. இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் படித்தார்கள். அறிமுகம் முடிந்தது. அன்று மாலை நடந்த ஒரே அறிமுகம் அதுதான்.

ஏனென்றால் அதற்குள் டாக்டர் ஹாலிஸ் ப்ராக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். பள்ளியின் விளையாட்டு மற்றும் பாசப்பிணைப்பு இயக்குநர் அவர். போன வருஷம்வரை விளையாட்டு மட்டும்தான் இருந்தது. பாசம் இந்த ஆண்டு சேர்ந்தது, சம்பளமும்.

"அன்பான குடும்பத்தாரே! நம்மகிட்ட அணின்னு ஒண்ணு கிடையாது." நிறுத்தி, கூடத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தார். "நம்மகிட்ட இருக்கறது குடும்பம்."

பத்தொன்பது வருஷமாகத் தன்னிடம் அணி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் டன்லேவி, சுவரோரம் நின்றபடி தன் காலணியைப் பார்த்தார். அவர் வடிவியல் ஆசிரியர். அதிகம் பேசமாட்டார்.

திரையில் அறுபத்து நான்கு படங்கள் வந்தன. மூன்றாவது படம் ஒரு கூம்பு. அதன் உச்சியில் இயக்குநர். அடுத்த படியில் ஆதரவாளர் மன்றம். அடுத்தது பெற்றோர். ஆகக் கீழே, எல்லோரையும் தாங்கிக்கொண்டு, பிள்ளைகள்.

"சிலர் கேக்கறாங்க, பிள்ளைங்களை ஏன் அடியில வச்சீங்கன்னு. அஸ்திவாரம் அடியிலதான் இருக்கும்! பாரத்தைத் தூக்கறவங்கதான் இங்க ரொம்ப முக்கியமானவங்க. அந்தப் பாரமா இருக்கறதுக்கு நாங்க எல்லாரும் எங்களை அர்ப்பணிச்சிருக்கோம்."

கைதட்டினார்கள். ஹோதன் கையைத் தூக்கினார்.

"உள்ளரங்கத் தடகளம்னு சொல்றீங்க. இங்க உள்ளரங்கம் எங்க இருக்கு? என் பொண்ணு மூணு வாரமா ரெண்டாவது மாடி வராந்தாவுல ஓடிட்டிருக்கா. வேதியியல் ஆய்வகத்துலேருந்து வெற்றிக்கோப்பை அலமாரி வரைக்கும் போய்த் திரும்பறா. நேத்து கூட்டித் துடைக்கறவரோட வாளியைத் தாண்டிக் குதிச்சிருக்கா. அவ தடை ஓட்டக்காரி இல்லை."

டாக்டர் ப்ராக்டர் கண்களை மூடித் திறந்தார். இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்ததுபோல இருந்தது.

"நல்ல கேள்வி. மத்த பள்ளிங்ககிட்ட ஓடுதளம் இருக்கு. நம்மகிட்ட பண்பாடு இருக்கு."

"சரி. அந்தப் பண்பாடு எத்தனை மீட்டர்?"

அடுத்த படம் வந்துவிட்டது. அதில் பெரிய எழுத்தில்: 'இங்கே யாரும் நீக்கப்படுவதில்லை.'

"குடும்பத்துலேருந்து யாரையாவது நீக்குவோமா? மாட்டோம்! வேகமோ மெதுவோ, எல்லாருக்கும் இடம் உண்டு. ஆனா முதல் மூணு போட்டிக்குள்ள யாருக்கு அதிகாரபூர்வமான முடிவு நேரம் ஒண்ணுகூடப் பதிவாகலையோ, அவங்க…" இங்கே குரல் தழைந்தது. "அவங்க குடும்பத்தோட விருந்தாளி ஆயிடுவாங்க."

ரோலண்டுக்குச் சந்தேகம் வந்தது. எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்தது.

"விருந்தாளின்னா என்ன பண்ணலாம்? பயிற்சிக்கு வரலாமா?"

"வர வேண்டியதில்லை."

"சீருடை?"

"அன்போட திருப்பி வாங்கிப்போம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வீட்டுலேருந்தே அணியை நேசிக்கலாம்," என்றார் டாக்டர் ப்ராக்டர்.

ரோலண்ட் இன்னும் உட்காரவில்லை. "என் பொண்ணு ரெண்டு மைல் ஓடறா. வேகமா ஓடமாட்டா, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா ஆரம்பிச்சா நிக்கமாட்டா. போன வருஷம் முழுக்க எந்த வகுப்புலயும் வாயைத் திறக்காத பொண்ணு. இந்த மூணு வாரமா வீட்டுக்கு வந்து ரெண்டாந்தரம் சோளக்கஞ்சி கேக்கறா, கதை சொல்றா. அவளை விருந்தாளி ஆக்கறேன்னு யாராவது வந்தா எங்கிட்ட முதல்ல பேசட்டும்."

"உங்க உணர்ச்சியைக் குறிச்சுக்கறோம்," என்றார் இயக்குநர். உண்மையிலேயே ஒருவர் குறித்துக்கொண்டார்.

பிறகு தாள் சுற்றுக்கு வந்தது. 'குடும்ப உடன்படிக்கை.' ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போட்டிகளில் சேவை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். சேவை செய்பவருக்குக் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்று. முதுகில் 'நானும் குடும்பம்' என்று அச்சிட்டிருந்தது. அணைப்புக் குழு, பனிக்கட்டிக் குழு, வாழைப்பழக் குழு எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் உயர்ந்த பதவி சுற்றுப் பலகை. இரண்டு மைல் ஓட்டம் இருநூறு மீட்டர் தளத்தில் பதினாறு சுற்று. கோட்டருகே நின்று, முதலில் வருபவளுக்கு இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று பலகையில் எண்ணைப் புரட்டிக் காட்ட வேண்டும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டும். இதற்கு நாற்பது நிமிடப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு, சட்டமிட்ட சான்றிதழும் உண்டு.

ரோலண்ட் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினாறுலேருந்து ஒண்ணு வரைக்கும் தலைகீழா எண்ணறதுக்குச் சான்றிதழா? அது தெரியாதவன் கல்யாணம் பண்ணிக்கிட்டதே தப்பு!"

தாள் அவரிடம் வந்தது. தொடாமல், ஒரு விரலால் ஹோதன் பக்கம் தள்ளிவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ரோடு போடறவன் மாதிரி அந்த மஞ்சள் சட்டை என் மேல ஏறுற அன்னிக்கு, இந்த மீசையை எடுத்துடறேன்."

இருபத்து மூன்று வருஷத்து மீசை அது. உலைக்குள் தலையை விட்டு ஒருமுறை பாதி கருகி, மறுபடி வளர்ந்தது. கூடம் ஒரு நொடி அதை மரியாதையோடு பார்த்தது.

"மீசை அழகாத்தான் இருக்கு. ஜாக்கிரதையா வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு ஹோதன் தாளில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கிடைத்தது ஓட்ட நேரம் குறிக்கும் கடிகார மேசை.

முதல் போட்டி டிசம்பர் நடுவில், பக்கத்து நகரக் கல்லூரியின் உள்ளரங்கில். பதினான்கு நிமிட ஓட்டத்தைப் பார்க்கக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்றுவரை காத்திருக்க வேண்டும் என்பது உள்ளரங்கத் தடகளத்தின் சாஸ்திரம். உடன்படிக்கையில் கையெழுத்திடாத குடும்பங்களுக்குப் பதினான்காவது வரிசைக்கு மேல் இடம். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகள் பென்சில் உயரம் தெரிந்தார்கள்.

இஃப்ரா பன்னிரண்டு நிமிடத்தில் முதலாவதாக வந்தாள். கொரினுக்கு அப்போது இன்னும் இரண்டரைச் சுற்று பாக்கி. பலகைக்காரர் பலகையை மடித்தார். அடுத்து நடக்கவிருந்த தடை ஓட்டத்துக்காகத் தளத்தில் தடைகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கொரின் ஓடிக்கொண்டேயிருந்தாள். அப்போது அணைப்புக் குழுவைச் சேர்ந்த இரண்டு மஞ்சள் சட்டைகள் கைகளை விரித்துக்கொண்டு அவள் பாதையில் இறங்கி, "போதும்டா செல்லம், நீ ஜெயிச்சுட்டே!" என்று கட்டிப்பிடித்து, அந்த அணைப்போடு அப்படியே தளத்துக்கு வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். கொரின் அழவில்லை, அவர்கள் தோளுக்கு மேலாகத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் ஒட்டிய முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'ஓட்டத்தை முடிக்கவில்லை' என்று இருந்தது.

"நான் எங்க நின்னேன்? என்னைத் தூக்கிட்டுப் போனாங்க," என்றாள் கொரின்.

"அடுத்த தடவை நான் மேலேருந்து எண்ணிச் சொல்றேன். யார் கட்டிப்பிடிச்சாலும் உதறிட்டு ஓடு," என்றார் ரோலண்ட்.

இரண்டாவது போட்டி ஜனவரி முதல் சனிக்கிழமை. ரோலண்ட் பதினான்காவது வரிசையில் நின்று, தொண்டை நரம்பு புடைக்க, தன் மகளுக்கு மட்டும் எண்ணினார். "பதினொண்ணு, கொரி! பத்து! இன்னும் பத்து!" அவ்வளவு சத்தத்திலும் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் தலையசைத்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டினார். ஏரிக்கரை ரோட்டுக்காரர், அதே ஊர்தான்.

"ரோலண்ட், நல்லவேளை கண்ணுல பட்டீங்க. எங்க வீட்டு உலை ராத்திரியெல்லாம் இருமுது."

"எண்ணெய் வடிகட்டி மாத்தி எத்தனை நாளாச்சு?"

"மாத்தணுமா அதை?"

"அட பாவி மனுஷா…"

இதைக் கேட்டு எந்த உலைக்காரனும் சும்மா இருக்க முடியாது. ரோலண்ட் திரும்பியபோது கொரின் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எட்டா, ஏழா? ஏழாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அனுபவத்தில் எடுத்த முடிவு. "ஏழு!" என்று கத்தினார்.

"கடைசி! இதோட கடைசி!" என்று அவர் கத்தியபோது அவள் நம்பினாள். இருந்த உயிரையெல்லாம் கூட்டிக்கொண்டு பாய்ந்தாள். அணைப்புக் குழுவை முழங்கையால் விலக்கிவிட்டு, கோட்டைத் தாண்டி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நின்றாள். பதினாறில் பதினைந்து சுற்றுதான் ஓடியிருந்தாள்.

திரும்பும் வழியில் இருபது மைல் தாண்டியாகிவிட்டது. கண்ணாடியில் பனி விழுந்து விழுந்து துடைபட்டது.

"அப்பா."

"சொல்லு."

"பதினாறுலேருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் என்ன பண்ணினது தப்புன்னு அன்னிக்குக் கூட்டத்துல சொன்னீங்களாம்?"

ரோலண்ட் சாலையைப் பார்த்தார். மீசை மட்டும் ஒருமுறை அசைந்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போனார். டாக்டர் ப்ராக்டரின் அறையில் ஒரு கேக்கின் படம் மேசைமேல் இருந்தது.

"நீங்களே வந்தது சந்தோஷம். விருந்தாளி ஆகும் விழாவுக்கு கேக் தேர்வு பண்ணிட்டிருக்கோம். கொரினுக்குச் சாக்லேட் ஒத்துக்குமா?"

"இன்னும் ஒரு போட்டி இருக்கு."

"நிச்சயமா இருக்கு. அதை நாங்க மதிக்கறோம். கேக்கை மூணு நாள் முன்னாடி சொல்லணும், அதுக்காகத்தான்."

"அவ ஓடிட்டிருக்கறப்பவே தடையைக் கொண்டுவந்து வைக்கறீங்களே, அது யார் சொன்னது?"

"அட்டவணை. முதல்ல வர்றவங்க வந்தாச்சுன்னா போட்டியோட கதை முடிஞ்சிடுது ரோலண்ட். அதுக்கப்புறம் ஓடறது…" சரியான சொல்லுக்காகச் சன்னலைப் பார்த்தார். "அது அவங்க சொந்தப் பயணம். சொந்தப் பயணத்துக்கு நம்ம தளத்தை ரொம்ப நேரம் குடுக்க முடியாது."

"நான் கீழே இறங்கி நின்னா?"

"தளத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்கு உள்ளே நிக்கறதுக்கு மஞ்சள் சட்டை வேணும். சட்டைக்குச் சான்றிதழ் வேணும்." டாக்டர் ப்ராக்டரின் பார்வை ஒரு கணம் மீசையில் தங்கி இறங்கியது. "பயிற்சி நாளைக்கு ஆறரைக்கு. தாள் கதவுல ஒட்டியிருக்கு."

ரோலண்ட் வராந்தாவுக்கு வந்தார். கதவில் தாள், தாளில் நூலில் கட்டிய பென்சில். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவருமில்லை. பேனா எழுதவில்லை என்று சொல்லவும் வழியில்லை. பென்சில் அருமையாக எழுதியது.

பயிற்சி நாற்பது நிமிடம் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் நடந்தது. எண்ணைப் புரட்டும்போது இருக்க வேண்டிய முகபாவத்துக்கு மட்டும் இருபது நிமிடம். தேர்வில் ஒரே கேள்வி: பலகையில் இப்போது ஏழு. அடுத்து வருவது எது? ஆறு, எட்டு, 'நாம் ஒரு குடும்பம்'. ரோலண்ட் ஆறு என்று எழுதித் தோற்றார். சரியான விடை மூன்றாவது. மறுதேர்வு வியாழக்கிழமை. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதி, நூற்றுக்கு நூறு வாங்கினார்.

சனிக்கிழமை விடிகாலையில் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்து டெனீஸ், "என் புருஷன் உள்ளே இருக்காரா?" என்று கேட்டாள். கொரின் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். போகும் வழியெல்லாம் கண்ணாடிப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு மைல் ஓட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, ரோலண்ட் மஞ்சள் சட்டையோடு கயிற்றைத் தாண்டினார். முதல் பலகை ஏற்கனவே இன்னொருவர் கையில் இருந்தது. அதனால் என்ன? அவர் கையில் வேறொரு பலகை இருந்தது. எண்ணெய் வடிகட்டிகள் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, பதினாறு அட்டைகளைக் கம்பியில் கோர்த்து, உலைக்குப் பூசும் கறுப்புச் சாயத்தில் எண்களை எழுதியிருந்தார். முழங்கை நீளம் ஒவ்வோர் எண்ணும். வளைவு முடியும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"அங்க ஏன் நிக்கறீங்க?" என்றார் முதல் பலகைக்காரர்.

"நீங்க முதல் ஆளுக்கு. நான் கடைசி ஆளுக்கு."

துப்பாக்கி வெடித்தது. ரோலண்ட் யாரோடும் பேசவில்லை. ஏரிக்கரை ரோட்டுக்காரர் மேலிருந்து கையாட்டினார். அவர் வீட்டு உலை எக்கேடு கெட்டால் என்ன என்று ரோலண்ட் இருந்துவிட்டார். கொரின் கடக்கும்போதெல்லாம் ஓர் அட்டை. பதினைந்து. பதினான்கு. உதடு முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது.

இஃப்ரா மணியோசையில் பறந்து வந்து முடித்தாள். முதல் பலகை மடிந்தது. மூலையில் தடைகளின் சக்கரம் உருள ஆரம்பித்தது. கடிகார மேசையில் இளைஞன் ஒருவன் கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"கையை எடு," என்றார் ஹோதன்.

"முதலாவது வந்தாச்சே அம்மா. உங்க பொண்ணுதான்."

"எனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் அவளைக் கொஞ்சிக்கறேன். இப்ப கையை எடு."

அணைப்புக் குழு கைகளை விரித்துக்கொண்டு புறப்பட்டது. ரோலண்ட் அட்டைப் பலகையைக் குறுக்கே நீட்டினார். அதில் '2' என்று இருந்தது.

"அவ களைச்சிருக்கா, பாவம்!" என்றாள் ஒருத்தி.

"களைப்பு தீர்ற வரைக்கும் ஓடட்டும். கட்டிப்பிடிக்கணும்னா கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையா நில்லுங்க."

டாக்டர் ப்ராக்டர் வேகமாக நடந்து வந்தார். பாசப்பிணைப்பு இயக்குநர் ஓடக்கூடாது.

"ரோலண்ட், போட்டி முடிஞ்சாச்சு."

"யாருக்கு?"

"கையேட்டுல ஒரு பலகைதான் சொல்லியிருக்கு. ரெண்டாவது பலகை விதிக்குப் புறம்பு."

"எந்தப் பக்கத்துல?"

டாக்டர் ப்ராக்டர் கையேட்டைப் பயிற்சியாளர் டன்லேவியிடம் நீட்டினார். எண்பத்தெட்டுப் பக்கம். டன்லேவி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டினார்.

"முகவுரையிலேருந்து பார்த்துடறேன்," என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் பேசியதிலேயே அழகான வாக்கியம் அதுதான் என்று ரோலண்டுக்குத் தோன்றியது.

டன்லேவி விரலை நக்கி மூன்றாம் பக்கத்தைப் புரட்டும்போது கொரின் வளைவில் வந்தாள். முகம் சிவந்து, வாய் திறந்து, ஒரு காலணிக் கயிறு அவிழ்ந்து. ரோலண்ட் '1' காட்டினார். முதல் பலகைக்காரரின் காலடியில் சும்மா கிடந்த மணியை எடுத்து, தோள் கழன்றுவிடும்போல அடித்தார். அரங்கம் திரும்பிப் பார்த்தது. தடைகளை உருட்டியவர்கள் நின்றார்கள். வேறு வழியில்லை, பாதையில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

டன்லேவி பதினோராம் பக்கத்தில் இருந்தபோது கொரின் கோட்டைத் தாண்டினாள். பதினான்கு நிமிடம் பதிமூன்று நொடி. ஹோதன் அதை உரக்கப் படித்து, இளைஞன் எழுதும்வரை அவன் தலைமேல் நின்றார்.

ஒலிபெருக்கியில் டாக்டர் ப்ராக்டரின் குரல் கேட்டது. "குடும்பத்தாரே, நீங்க இப்ப பார்த்தது எங்க துறையோட புது முயற்சி. கடைசி ஆளுக்கும் ஒரு பலகை! ரொம்ப நாளா திட்டமிட்டது." கைதட்டல் வந்தது. கேக்கும் வந்துவிட்டிருந்தது, அதன்மேல் எழுதியிருந்த 'போய் வா, விருந்தாளியே' என்பதைக் கத்தியால் வழித்துவிட்டு எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். கொரின் இரண்டு துண்டு தின்றாள்.

பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் புதிய பயிற்சி ஒன்று நடந்தது. 'கடைசிப் பலகை, நிலை ஒன்று.' கதவில் ஒட்டிய தாளில், பயிற்றுநர் என்ற இடத்தில், பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. மேசைமேல் எண்ணெய்க் கறை படிந்த பதினாறு அட்டைகள். அவற்றுக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில், வெறும் உதட்டைத் தடவிக்கொண்டு, ரோலண்ட் நின்றிருந்தார்.

"முதல் விஷயம், யாரும் பேச்சுக் குடுத்தா திரும்பக்கூடாது. உலை பத்தின பேச்சா இருந்தாலும் சரி."

மூன்றாவது வரிசையில் தடித்த ஆள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "பதினாறுலேருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணறதுக்கு நாற்பது நிமிஷமா? என்னய்யா இது கூத்து?"

ரோலண்ட் அவரை நிமிர்ந்து பார்த்தார். பார்வை மூக்குக்குக் கீழே நின்றது. நல்ல அடர்த்தி, நுனியில் லேசான முறுக்கு, குறைந்தது பதினைந்து வருஷம் இருக்கும்.

"மீசை அழகாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. பிறகு முதல் அட்டையை எடுத்தார்.